காணொலி முடிந்த பிறகு என்ன? மலைப்பள்ளி வகுப்பறையில் இணையக் கருவிகள்

14 ஜூலை 2024 | கோத்தகிரிப் பகுதி ஆசிரியை ஒருவர் எழுப்பிய கேள்வி

சமவெளியில் பணியாற்றிவிட்டு இவ்வாண்டுதான் மாறுதலில் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. டவர் கிடைக்கும் நேரத்தில் பாடநூலிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொலியைப் போடுகிறேன். பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் காணொலியில் வந்த பின்னணி இசை நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை. கரும்பலகையில் நடத்திய பாடமே இதைவிட நன்றாக மனத்தில் நின்றது. இணைய வளங்களால் கற்பித்தல் மேம்படுகிறது என்பது வெறும் பேச்சு என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மலைப்பள்ளிகளில் உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜூலை 2024, இரவு

பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். காணொலியைப் பற்றி டீச்சர் சொல்வது சரி. இணையக் கருவிகள் அனைத்தையும் பற்றி அவர் எடுத்திருக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

காணொலி பார்க்கும் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அது ஓடி முடியும்வரை பிள்ளை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அந்த அமைதியைக் கவனம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தபோது, க்யூஆர் குறியீட்டோடு இன்னொன்றும் வந்தது. பாட இறுதியில் ‘இணையச்செயல்பாடு’ என்ற தலைப்பில் படி 1, படி 2 என்று எழுதியிருக்கும் பக்கம் அது. பெரும்பாலான வகுப்புகளில் அந்தப் பக்கம் புரட்டிவிட்டுப் போகும் பக்கமாகவே இருக்கிறது. காணொலியை எல்லாரும் போடுகிறோம். பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டிய ஃபெட் என்ற அறிவியல் செயல்பாடுகளையும் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளையும் விட்டுவிடுகிறோம்.

காணொலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இல்லாதிருந்தால் எங்கள் ஊர்களில் பல பிள்ளைகளுக்கு ஆசிரியரின் குரலே கேட்டிருக்காது. இதயத்தின் அறைகள் சுருங்கி விரிவதையோ எரிமலை வெடிப்பதையோ காட்டக் காணொலியைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே ஒரு தவறான எண்ணம் ஊன்றியிருக்கும் இடங்களில் காணொலி அந்த எண்ணத்தைத் தொடாமலேயே கடந்துபோகிறது.

16 ஜூலை 2024

நேற்று முன்தினம் எழுதியதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அவர் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பிலேயே ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ பாடம் இருப்பதால் அதையே சொல்கிறேன்.

ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கப்பட்ட திட்டம். தொடங்கியவர் அதற்கு முந்தைய ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். அதில் மின்சுற்று அமைக்கும் செயல்பாடு ஒன்று உண்டு. மின்கலம், கம்பி, பல்பு, சாவி (சுவிட்ச்) ஆகியவற்றை இழுத்து வைத்து இணைத்தால் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல மணிகளாக நகரும்.

சுற்றை அமைத்துச் சாவியை மூடாமல் நிறுத்திவிட்டேன். பல்புக்கு முன்னால் மணிகள் எந்த வேகத்தில் போகும், பல்பைத் தாண்டிய பிறகு எந்த வேகத்தில் போகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும் என்றேன். வகுப்பில் பெரும்பாலோர் பல்பைத் தாண்டியதும் வேகம் குறையும் என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “பல்பு எரியுதுன்னா கரண்ட் தீரத்தானே சார் செய்யும்? மேலோடையில ஒருத்தர் மோட்டார் போட்டு இழுத்தா எங்க பூண்டுக் காட்டுக்கு வர்ற தண்ணி குறையுதுல்ல?” என்றான். ஓடைநீரை நம்பி வெள்ளாமை செய்யும் வீட்டுப் பிள்ளையிடமிருந்து வந்த அந்த வாதத்தில் சிந்தனை இருந்தது. அதை உடனே மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சாவியை மூடினோம். மணிகள் சுற்று முழுவதும் ஒரே சீராக நகர்ந்தன. அவனையே பலகைக்கு வரச்சொல்லி அம்மீட்டரைப் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் வைக்கச் சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒரே அளவு. அவன் நகராமல் நின்று, “அப்போ எதுதான் சார் தீருது?” என்று கேட்டான். ஆற்றல் என்ற சொல்லுக்கு வகுப்பில் தேவை பிறந்தது அந்த நொடியில்தான். அதே பாடத்துக்கான காணொலியில் அந்தச் சொல் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது யாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

ஆகவே டீச்சருக்கு என் பதில் இதுதான்: கருவி எதுவானாலும், அது விடையைக் காட்டுவதற்கு முன் பிள்ளை தன் ஊகத்தை எழுத்தில் வைத்தாக வேண்டும். எழுதிய பிள்ளைக்கு அடுத்து நடப்பது தன் சொந்தக் காரியமாகிவிடுகிறது.

17 ஜூலை 2024

டவர் கிடைக்காத நேரத்தில் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு விடை எளிது. ஃபெட் செயல்பாடுகளைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும். பென்டிரைவில் வைத்து, இணைய இணைப்பே இல்லாத கணினியிலும் உலாவியில் திறக்கலாம். பல செயல்பாடுகள் தமிழிலும் இருக்கின்றன. பதிவிறக்கும்போது தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் தேவையில்லை. விக்கிப்பீடியாவை முழுமையாக இறக்கி வைத்துப் படிக்கக் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படிக் கிடைக்கிறது. கொடைக்கானலுக்குப் போகும் நாளில் நல்ல இணைப்புள்ள இடத்தில் அமர்ந்து அந்த மாதத்துக்கு வேண்டியவற்றை இறக்கிக்கொண்டு மேலே வருவது என் வழக்கம். வகுப்பு நடக்கும்போது இணையத்தை நம்பி நிற்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

21 ஜூலை 2024

ஊகம் எழுதச் சொல்வதால் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது ஆசிரியரின் உற்சாகத்தால் வருவதா என்று வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் உடன் பணியாற்றியவர்களும் இதையே ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளை ஒரு பிரிவினர் பார்க்க மட்டும் செய்தார்கள், ஒரு பிரிவினர் முதலில் ஊகித்துவிட்டுப் பார்த்தார்கள், இன்னொரு பிரிவினர் ஊகித்துப் பார்த்துத் தம்முள் விவாதிக்கவும் செய்தார்கள். பார்க்க மட்டும் செய்தவர்களின் புரிதல், சோதனையையே காணாதவர்களின் புரிதலைவிட அதிகம் உயரவில்லை. ஊகித்தவர்களிடம் தெளிவான முன்னேற்றம் இருந்தது, விவாதித்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது.

அவர்கள் பார்த்தது கண்ணெதிரே நடந்த மெய்யான சோதனை. அதற்கே இந்த நிலை என்றால் திரையில் ஓடும் காணொலியைச் சும்மா பார்ப்பதில் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? டீச்சரின் வகுப்பில் நடந்தது பிள்ளைகளின் குறையும் அன்று, அவருடைய குறையும் அன்று.

4 ஆகஸ்ட் 2024

மின்சுற்றுப் பாடத்தை டீச்சர் தம் வகுப்பில் செய்துபார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். திரையில் எல்லாம் நன்றாக நடந்ததாகவும், அதன் பிறகு டார்ச் பல்பும் மின்கலமும் கையில் கொடுத்தபோது பாதிப் பேருக்கு விளக்கு எரியவில்லை என்றும், பிள்ளைகள் “கம்ப்யூட்டர்ல எரிஞ்சதே டீச்சர்” என்று கேட்டதாகவும் சொல்கிறார்.

இதைப் படித்த பிறகு 16-ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. திரையிலுள்ள கம்பியில் இணைப்பு ஒருபோதும் தளராது, மின்கலம் சோர்ந்துபோகாது. நம் மலைகளிலோ மூடுபனியின் ஈரத்தில் பல்பு ஹோல்டரின் தகடு பச்சை பூத்துவிடுகிறது, மின்கலக் கூட்டின் சுருள்கம்பி துருவேறிவிடுகிறது. பல்பில் மின்னோட்டம் நுழையவும் வெளியேறவும் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன, ஒன்று அடியில், இன்னொன்று பக்கவாட்டில் என்பதைப் பிள்ளைகள் கைவிரலால் தடவிப் பார்த்தால்தான் நம்புகிறார்கள். ஆகவே சிறு வகுப்புகளுக்கு முதலில் மெய்யான பல்பு, கம்பி, மின்கலம் ஆகியவற்றைக் கொடுத்து எரியவைக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகே திரைக்குப் போவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானைக் காட்டத் திரை வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைக் காட்டத் திரை எதற்கு?

இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கொலராடோவில் 2005-இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வகக் கருவிகளுக்குப் பதிலாக இதே மின்சுற்றுச் செயல்பாட்டில் பயின்ற கல்லூரி மாணவர்கள், கருவிகளோடு பயின்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டதோடு, பிறகு மெய்யான சுற்றை அமைப்பதிலும் முந்தினார்கள். தளர்ந்த இணைப்பு, தடித்த கம்பி மெல்லிய கம்பி என்று பாடத்துக்குத் தொடர்பில்லாதவற்றில் அவர்கள் கவனம் சிதறவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், பல்பையும் கம்பியையும் பலமுறை கையாண்டவர்கள். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை பல்பைக் கழற்றிப் பார்த்திருக்கவே மாட்டாள். வயதுக்கேற்ப வரிசை மாறும் என்றே கொள்கிறேன்.

குறுஞ்சுற்றை மட்டும் எந்த வயதுக்கும் திரையில்தான் செய்ய வேண்டும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் மின்கலம் தீப்பற்றி எரியும். அதைக் கண்டபின் வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

11 ஆகஸ்ட் 2024

“ஊகம் தவறாகிவிட்டால் பிள்ளை கூசிப்போகாதா?” என்ற கேள்வி நியாயமானது. கையைத் தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் மாணவி எந்தப் பக்கம் தூக்குகிறாள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார்கள். பிளிக்கர்ஸ் என்ற கருவியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்ட குறியீட்டு அட்டை ஒன்று. அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா அவற்றைப் படித்துக்கொள்ளும், பக்கத்திலிருப்பவருக்கு யார் எதைத் தேர்ந்தார் என்று எளிதில் தெரியாது. பிள்ளைகளிடம் கைப்பேசி தேவையில்லை என்பது நம் பள்ளிகளுக்குப் பெரிய வசதி.

எங்கள் பள்ளியில் அதையும் விட்டு நோட்டுக்கு வந்துவிட்டோம். பேனாவால் எழுத வேண்டும், பிறகு அடிக்கக் கூடாது, தவறான ஊகத்துக்கு மதிப்பெண் குறையாது, ஏன் அப்படி நினைத்தேன் என்ற காரணத்தை ஒரு வரியில் எழுதியே ஆக வேண்டும். நான் படித்துப் பார்ப்பது அந்தக் காரண வரியைத்தான். ஓடைநீர் வாதத்தைப் போன்றவை அங்கேதான் கிடைக்கின்றன.

8 செப்டம்பர் 2024

இந்த இழையில் இதுவரை பேசியவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படும் ஒன்றை இன்று எழுதுகிறேன். இணையத்திலுள்ள பாடங்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் வாழ்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று பாடநூல் சொல்கிறது, காணொலியும் சொல்கிறது. எங்கள் பள்ளி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் காணொலியைப் போட்டுவிட்டு, நம் அடுப்பில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று ஊகம் எழுதச் சொன்னேன். அனைவரும் 100 என்று எழுதினார்கள். காணொலி இப்போதுதானே சொன்னது! பிறகு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வெப்பமானியின் குமிழ் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது, வெப்பமானி 93-ஐத் தாண்டி 94-ஐத் தொடும் இடத்தில் நின்றுவிட்டது. ஏற மறுக்கிறது. “தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு சார்” என்றார்கள். இன்னொரு வெப்பமானியை விட்டோம். அதுவும் அங்கேயே நின்றது. தீயைக் கூட்டிப் பார்த்தார்கள். கொதிப்புத்தான் கூடியது.

ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: “அதனாலதான் எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவே மாட்டேங்குதா சார்?” அவளுடைய அம்மாவுக்குத் திருமணமாகி மேல்மலைக்கு வந்த புதிதிலிருந்தே தெரிந்த செய்தி அது. பாடநூலுக்கும் அந்தச் சமையலறைக்கும் இடையே அதுவரை யாரும் பாதை போட்டிருக்கவில்லை.

அதன் பிறகு பருப்பொருளின் நிலைகள் பற்றிய ஃபெட் செயல்பாட்டைத் திறந்து, மூடியை அழுத்தினால் துகள்கள் என்ன செய்கின்றன, வெப்பப்படுத்தினால் என்ன செய்கின்றன என்று அவர்களே அழுத்திப் பார்த்தார்கள். மேலே காற்று குறைவாக அழுத்துவதால் துகள்கள் குறைந்த வெப்பத்திலேயே தப்பிவிடுகின்றன என்று அவர்களே சொன்னார்கள்.

தேர்வில் என்ன எழுதுவது என்று உடனே கேட்டார்கள், கேட்கத்தானே செய்வார்கள். கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி என்று எழுத வேண்டும். அந்த முதல் மூன்று சொற்களை இனி அவர்கள் விட மாட்டார்கள்.

15 செப்டம்பர் 2024

சென்ற குறிப்பைப் படித்துவிட்டு டீச்சர் கோத்தகிரியில் அளந்து 94 என்று அனுப்பியிருக்கிறார். கோத்தகிரி 1,793 மீட்டர். மலையடிவாரத்தில் வத்தலக்குண்டு அருகே பணிபுரியும் நண்பர் ஒருவர் 99 என்று அனுப்பினார். மூன்று அளவுகளையும் பிள்ளைகள் ஜியோஜீப்ராவில் புள்ளிகளாக வைத்தார்கள். உயரம் கிடைமட்ட அச்சில், கொதிநிலை செங்குத்து அச்சில். கோடு இழுத்ததும் ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறைகிறது என்பது தெரிந்தது.

கோட்டை நீட்டி, 2,637 மீட்டரிலுள்ள தொட்டபெட்டா உச்சியில் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்தார்கள். 91-ஐ ஒட்டி வருகிறது. எவரெஸ்டுக்கு நீட்டினால் எழுபதை ஒட்டி வந்து நிற்கிறது. தேநீர் போடவாவது முடியுமா என்று ஒருவன் கவலைப்பட்டான்.

இதில் பயன்பட்ட இணையக் கருவி வாட்ஸ்அப்பும் ஒரு வரைபட மென்பொருளும் மட்டுமே. இரண்டு மலைகளும் ஒரு சமவெளியும் ஒரே வரைபடத்தில் சேர்ந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி. டீச்சர், உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொட்டபெட்டா போகும் வாய்ப்பு வந்தால் முறையான அனுமதியோடு வெந்நீர் வைத்துப் பாருங்கள். இங்கே ஊகம் எழுதிய நோட்டுகள் காத்திருக்கின்றன.

20 அக்டோபர் 2024

இந்த வாரம் நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பும் சூரியன் தன் செயற்பாட்டின் உச்சக் கட்டத்தில் இருப்பதாக அறிவித்திருப்பதால் இதை எழுத நல்ல நேரம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. சூரியனின் மேற்பரப்பில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் எடுத்த சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிம வடிவுக்கு மாற்றி இணையத்தில் வைத்திருக்கிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ‘அப்சர்வேட்டரி’ என்பது கொடைக்கானல் போகும்போது காதில் விழும் ஒரு பெயர், அவ்வளவே. தங்கள் மலையில் எடுத்த படங்கள் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் விரிந்திருக்கின்றன என்பதைப் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு முறையாவது அவர்கள் அறிய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

அதற்காக 1958-ஆம் ஆண்டின் படங்கள் சிலவற்றையும் 1964-ஆம் ஆண்டின் படங்கள் சிலவற்றையும் அச்சிட்டு, ஆண்டைக் குறிக்காமல் கலந்து கொடுத்தேன். முன்னது புள்ளிகள் மிகுந்த உச்ச காலம், பின்னது சூரியன் அடங்கியிருந்த காலம். பிள்ளைகள் இரண்டு குவியலாக எளிதில் பிரித்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தைக் கொண்டு அடுத்த உச்சம் எப்போது வந்திருக்கும் என்று ஊகிக்கச் சொன்னேன். ஏறத்தாழ பதினோரு ஆண்டுச் சுழற்சிக்கு அருகில் அவர்களே வந்தார்கள்.

இன்னொரு பயிற்சிக்கு 2010-இல் ஏவப்பட்ட நாசாவின் சூரிய ஆய்வு விண்கலம் தினமும் அனுப்பும் படங்களே ஏற்றவை, அவற்றில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும். அடுத்தடுத்த மூன்று நாள் படங்களை எடுத்து, முதலிரண்டை மட்டும் கொடுத்தேன். டிரேசிங் தாளில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறித்துவிட்டு மூன்றாம் நாள் அது எங்கே இருக்கும் என்று பென்சிலால் புள்ளியிட வேண்டும். ஸ்கேலால் அளந்து அதே தூரத்தைச் சேர்த்து வைத்தார்கள். நடுவிலிருந்த புள்ளிக்கு அது சரியாக வந்தது. விளிம்பை நெருங்கிய புள்ளிக்கு வரவில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே நகர்ந்திருந்தது. காரணம் தேடி ஒருத்தி தன் பந்தில் புள்ளி வைத்துச் சுழற்றிப் பார்த்தாள். சூரியன் தட்டன்று, உருண்டை என்பதைப் பாடநூல் வாக்கியத்திலிருந்து பெறாமல் தன் கைப் பென்சில் குறியிலிருந்து பெற்றாள்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, பைனாகுலரிலோ எக்ஸ்ரே தாள் வழியாகவோ பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடம் முடிந்ததும் அவர்களுக்கு மேலே பார்க்கத்தான் தோன்றும்.

1 டிசம்பர் 2024

மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எங்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இருக்காது. அப்போது பலகை வெறும் கண்ணாடி. ஆனால் ஊகம் எழுதும் நோட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. பாடத்தின் திருப்பத்தில் நிறுத்துவதும், எழுதச் சொல்வதும், காரணம் கேட்பதும் அப்படியே நடக்கின்றன. மின்சாரம் வந்ததும் எழுதி வைத்தவற்றைச் சரிபார்க்கிறோம். பிள்ளைகள், “சார், நாம எழுதி வச்சதைப் பார்க்கலியே” என்று நினைவூட்டுகிறார்கள். காணொலியை அப்படி யாரும் கேட்டு நினைவூட்டியதில்லை.

12 ஜனவரி 2025

நீலகிரிக்கே உரிய பாடம் ஒன்று சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டு நாளாகிவிட்டது. உதகைக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைத்தான் சொல்வேன். 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சமதரையில் அமைக்காமல் மலைச்சரிவில் படுக்க வைத்தார்கள் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். மழைநீர் வடிய, காற்றைத் தாங்க, இடம் போதாமல் என்று பலவாறு எழுதுவார்கள்.

பிறகு ஜியோஜீப்ராவில் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். அது பூமி. நடுவே செங்குத்தாக அச்சு. வட்டத்தின்மேல் நகரக்கூடிய புள்ளி ஒன்று, அது நம் ஊர். அந்தப் புள்ளியில் தொடுகோடு, அதுவே நம் தொடுவானம். அதே புள்ளி வழியாக அச்சுக்கு இணையாக ஒரு கோடு, அது துருவ விண்மீனை நோக்கும் திசை. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைக் காட்டச் செய்துவிட்டுப் புள்ளியை இழுத்தால், நிலநடுக்கோட்டில் கோணம் சுழியாகும், துருவத்தில் தொண்ணூறாகும். உதகையின் அகலாங்கான ஏறத்தாழ 11 டிகிரியில் வைத்தால் கோணமும் 11 டிகிரி. முத்தோரைச் சரிவின் சாய்வும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அந்தத் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. பூமி சுழலும்போது ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் வானிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பும் ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். அந்தச் சரிவைத் தேடிக் கண்டு அங்கே அமைத்திருக்கிறார்கள்.

இங்கே நாங்கள் துருவ விண்மீனையே எடுத்துக்கொண்டோம். அது வானில் எங்கே இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் தலைக்கு மேலே கைகாட்டினார்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் மென்பொருளில் எங்கள் ஊரை வைத்து வடக்கே பார்த்தபோது அது தொடுவானத்தை ஒட்டி இருந்தது. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி, எங்கள் அகலாங்கும் அதே. தொடுவானத்தின் மேல் ஒரு முட்டி வைத்துத் தேடுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். வடக்கே மலைமுகடு மறைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கண்டவர்களின் வீட்டு மொட்டைமாடிக்கு அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

13 ஜனவரி 2025

நேரம் போதுமா, பாடம் முடியுமா என்ற கேள்வி இந்த இழை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. பாடத்தைப் படித்துவிட்டு, இதில் எந்த இடத்தில் பிள்ளைகள் உறுதியாகத் தவறாக நினைப்பார்கள் என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே கருவியும் ஊகமும். இல்லையென்றால் காணொலியோ கரும்பலகையோ போதும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலுள்ள காணொலிப் பாடங்களை நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். ஓடவிட்டு நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று எழுத வைத்துவிட்டுத் தொடர்கிறேன்.

டீச்சர், பத்தாம் வகுப்பின் ஒளியியல் பாடத்துக்குக் குவிலென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பம் என்ன ஆகும் என்று கேட்டுத் தொடங்குங்கள். பாதி பிம்பம் மறையும் என்றே எழுதுவார்கள். ஃபெட்டின் ஒளியியல் செயல்பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைத் திறப்பதற்கு முன் உண்மையான லென்சையும் மெழுகுவர்த்தியையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துவிடுங்கள். என் வகுப்பில் அதைப் பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் எடுக்கிறேன். உங்கள் பிள்ளைகள் எழுதும் காரண வரிகளை அனுப்பினால் இங்குள்ளவர்களுடையவற்றோடு வைத்துப் பார்க்கலாம்.